ஹெலனின் தேர் திரும்பும் மூலை

எங்கள் தமிழ்ச் சங்க ஆண்டு மலருக்கு, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கொரு அனுபவக் கட்டுரை தர வேண்டுமாம். போன் செய்த பெண்ணின் குரலில் தேன் ஒழுகியது. "ஆன்ட்டி, யங்ஸ்டர்ஸுக்கு இன்ஸ்பயரிங்கா இருக்கணும். உங்க ஜர்னி பத்தி எழுதுங்க." ஜர்னியாம்! நான் போனதெல்லாம் வீட்டிலிருந்து ஆபீஸுக்கும் ஆபீஸிலிருந்து வீட்டுக்கும்தான். அதில் யாரையும் உற்சாகப்படுத்த ஒன்றும் இல்லை. இருந்ததெல்லாம் வயிற்றெரிச்சல். அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். பிடித்தால் போடட்டும், பிடிக்காவிட்டால் அந்தப் பக்கத்தில் சமையல் குறிப்பு போட்டுக்கொள்ளட்டும்.

நான் கரூர்க்காரி. சிவில் படித்துவிட்டுக் கல்யாணமாகி இங்கே வந்து, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு மறுபடியும் படித்து, லைசென்ஸ் பரீட்சை எழுதி, சான் ஹோசேக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நகரத்தின் போக்குவரத்துப் பிரிவில் இன்ஜினியராகச் சேர்ந்தேன். அந்தக் கதை பே ஏரியாவில் வீட்டுக்கு வீடு இருக்கிறது, அதை விட்டுவிடுகிறேன். சிக்னலுக்கு நேரம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவளைக் கொஞ்ச காலத்திலேயே ஊர்வலங்களுக்குத் தெருவை மூடிக்கொடுக்கும் வேலையில் போட்டார்கள். பள்ளிக்கூடத்து பேண்டு, சுதந்திர தின அணிவகுப்பு, கிறிஸ்துமஸ் வண்டிகள், யார் தெருவில் இறங்குவதானாலும் என் கையெழுத்து வேண்டும். எந்த மூலையில் தடுப்பு வைப்பது, பஸ்ஸை எந்த வழியாகத் திருப்பிவிடுவது, நடுவில் தீயணைப்பு வண்டி வந்தால் எப்படி உள்ளே விடுவது, வண்டியின் உச்சி எந்தக் கம்பியில் இடிக்கும், எல்லாம் நான் பார்க்க வேண்டும்.

என் மேலதிகாரி பெயர் டெனிஸ். நெடுநெடுவென்று உயரம், வெயிலுக்கு ஒரு பழைய வைக்கோல் தொப்பி. அவர் யாரையும் அதட்டி நான் கேட்டதில்லை. வரைபடத்தை விரித்துக்கொண்டு போய் அவர் மேஜைமுன் நின்றால் அதைப் பார்க்கவே மாட்டார். "அங்கே போய் நின்றாயா?" என்பார். நின்றேன் என்றால், "எப்போது?" காலையில் என்றால், "ஊர்வலம் சாயங்காலம் அல்லவா?" என்று சொல்லிவிட்டு ஓர் ஆரஞ்சுப் பழத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்துவிடுவார். போய் நின்றுவிட்டு வா என்று அர்த்தம். முதல் வருடம் எனக்கு அழுகையாக வரும். பிறகு நானே தொப்பி வாங்கிக்கொண்டேன். சாயங்கால வெயில் எந்த மூலையில் போலீஸ்காரர் கண்ணைக் கூசவைக்கும் என்பது எந்த வரைபடத்திலும் இருக்காது என்று எனக்கே புரிந்துவிட்டது.

அவர்தான் என்னை முதன்முதலில் ஹெலனின் மூலைக்கு அழைத்துக்கொண்டு போனார்.

எங்கள் ஊரில் பழைய ஜப்பானியக் குடியிருப்பு ஒன்று உண்டு. பழத்தோட்ட வேலைக்கு வந்தவர்களின் பேரன் பேத்திகள். ஜூலை மாதத்தில் அவர்களுக்கு ஒரு திருவிழா. தெரு நெடுகக் காகித விளக்கு கட்டியிருக்கிறார்கள், அரிசி உருண்டை சுட்டு விற்கிறார்கள், சரி, ஏதோ டிரெய்லரில் பூ அலங்காரம் செய்து இழுத்துவருவார்கள் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். மூலை திரும்பி வந்தது பாருங்கள், தேர்!

தேரேதான். என் தோள் உயரத்துக்கு நான்கு மரச்சக்கரம். மேலே மர அடுக்கு, பக்கங்களில் சித்திரக் கம்பளங்கள், மேல்தட்டில் வரிசையாக உட்கார்ந்து புல்லாங்குழலும் மணியும் வாசிக்கிறவர்கள், எல்லாவற்றுக்கும் மேலே வானத்தைக் குத்துகிற மாதிரி ஒரு கம்பம். முன்னால் இரண்டு பேர் விசிறியை வீசிக்கொண்டு நிற்கிறார்கள், அந்த விசிறி இறங்கும்போதுதான் வடம் இழுபடுகிறது. சட்டம் முழுக்கக் கயிற்றால் கட்டியது, ஓர் ஆணி கிடையாது. நிறுத்த பிரேக்கும் இல்லை, திருப்ப ஸ்டீயரிங்கும் இல்லை.

"அப்புறம் எப்படித் திரும்பும்?" என்று கேட்டேன். டெனிஸ் மூலையைக் காட்டினார்.

மூலை வந்ததும் தேர் நின்றது. நீல நிறக் குட்டைச் சட்டை போட்டவர்கள் ஓடிவந்து பிளந்த மூங்கில்களை முன்சக்கரங்களுக்கு அடியில் அடுக்கினார்கள். வாளியில் கொண்டுவந்த தண்ணீரை அதன்மேல் ஊற்றினார்கள். வடத்தைப் பக்கவாட்டில் கொண்டுபோய்ப் பிடித்தார்கள். விசிறி இறங்கியது, ஒரு கூச்சல், ஒரே இழுப்பு. அவ்வளவு பெரிய தேர் மூங்கில்மேல் வழுக்கிக்கொண்டு முகத்தைக் கொஞ்சம் திருப்பியது. மறுபடி நிறுத்தி, மூங்கிலைச் சரிசெய்து, தண்ணீர் ஊற்றி, மறுபடி ஓர் இழுப்பு. நாலாவது இழுப்பில் அடுத்த தெருவைப் பார்த்து நின்றது. தெருவே கைதட்டியது.

எனக்குக் கைதட்ட வரவில்லை. அடிவயிற்றில் ஏதோ பற்றிக்கொண்டது. ஏனென்றால் எங்களிடமும் ஒரு தேர் இருந்தது.

அந்த மூலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் கோயில். கப்பலில் வந்த தேர், தேக்கு மரம், கலசம், குதிரை பொம்மை எல்லாம் உண்டு. அது எங்கே ஓடியது? பார்க்கிங் லாட்டில். இந்தக் கோடியில் மினிவேன்கள், அந்தக் கோடியில் குப்பைத்தொட்டி, நடுவில் சுவாமி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து நிற்பார். "வடம் பிடிக்க வாங்க, லஞ்ச் உண்டு" என்று வாட்ஸப்பில் மூன்று முறை கெஞ்சினால் முப்பது பேர் வருவார்கள், அதில் பாதிப் பேர் கையில் போன். ஜப்பானியர் தேருக்கோ சியாட்டிலிலிருந்தும் சிகாகோவிலிருந்தும் பேரப்பிள்ளைகள் பிளேன் ஏறி வந்து வடம் பிடிக்கிறார்கள். யாரும் கெஞ்சவில்லை. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

"உங்க கையிலதானே பர்மிட் இருக்கு" என்று நீங்கள் கேட்பீர்கள். கோயில் செயலாளர் சுந்தரமும் அதைத்தான் வருடா வருடம் கேட்டார். ஈரோட்டுக்காரர், என்னைவிட இளையவர், நல்ல மனுஷர். "ஏனுங்க்கா, சிட்டிக்குள்ளயே உக்காந்திருக்கீங்க. ஒரு சைன் போட்டா முடிஞ்சுதுங்களே!" முடியாது. நான் உறுப்பினராக இருக்கிற கோயிலின் மனுவை நான் தொடவே கூடாது, அதைப் பற்றி வாயும் திறக்கக் கூடாது. ஆபீஸ் விதி. நான் ஒதுங்கிக்கொண்டால் அவர்களாகவே ஒழுங்காக மனுப் போட வேண்டும். போட மாட்டார்கள். ஒரு வருடம் தெருப் படத்துக்குப் பதிலாகச் சுவாமி படத்தை அனுப்பிவைத்தார்கள். ஊரில் உள்ளவர்கள் ஊர்வலத்துக்கெல்லாம் தெருவைத் திறந்துவிட்டது நான். என் ஊர்வலம் குப்பைத்தொட்டியைச் சுற்றியது.

ஹெலன் யார் என்று சொல்லவில்லையே. அந்தத் தேருக்குத் தலைவி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள், என் வயதுதான். அவள் மனுவில் தேர் திரும்பும் ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு படம் இருக்கும். ஒவ்வொரு சக்கரத்துக்கும், முன்பு மரச்சக்கரத்தோடு வேலைசெய்து பழகிய ஓர் ஆள் பொறுப்பாக நிற்க வேண்டும் என்பது டெனிஸ் போட்ட நிபந்தனை. அவள் பழகியவர் ஒருவர், பழகுகிறவர் ஒருவர் என்று சக்கரத்துக்கு இரண்டு பேர் போட்டிருப்பாள். நான் மூலையில் நின்று அளக்கும்போதெல்லாம் தர்பூசணியை விதை எடுத்து, சதுரமாக நறுக்கி, டப்பாவில் கொண்டுவந்து நீட்டுவாள். சிரித்துக்கொண்டே சாப்பிடுவேன். குறை கண்டுபிடிக்க எதையுமே மிச்சம் வைக்காத ஒருத்தியைப் பிடிக்காமல் போவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? நான் அந்தக் கஷ்டத்தைப் பட்டேன்.

அப்புறம் அந்த வருடம் வந்தது.

மூலையில் பழைய சிக்னலை எடுத்துவிட்டு, தெருவின் நடுவரை நீளும் இரும்புக் கையோடு புதுக் கம்பம் நட்டார்கள். அது வேறு பிரிவின் வேலை, எங்களைக் கேட்கவில்லை. உயரம் அளக்கும் கம்பை எடுத்துக்கொண்டு போய் நடுத்தெருவில் நின்றேன். கம்பை நீட்டிப் பூட்டி, செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு, தேர் வரும் தடத்திலேயே நடந்துபோக வேண்டும். நுனி எங்கே இடிக்கிறதோ அங்கே சுண்ணாம்புக்கட்டியால் தரையில் குறி போட வேண்டும். ஹெலனின் தேர்க் கம்பம் அந்த இரும்புக் கையில் இடிக்கும். சந்தேகமே இல்லை. தேர்க் கம்பத்தைக் குட்டையாக்கலாமா என்று அவளிடம் கேட்டேன். "அது தேரின் உயிர். அதை வெட்டுவதைவிடத் தேரை வெளியே எடுக்காமல் இருந்துவிடுவோம்" என்றாள். அன்றைக்கும் தர்பூசணி கொண்டுவந்திருந்தாள். மூடியைத் திறக்க மறந்துவிட்டாள்.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. ஒரே ஒரு வருடம், அம்மா தாயே, நீயும் பார்க்கிங் லாட்டில் சுற்றிப் பார். மறுப்பு எழுத ஒரு வரி போதும். அதில் பொய் இல்லை, பிசகு இல்லை, யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்க முடியாது.

டெனிஸிடம் போனேன். "இடிக்கிறது" என்றேன்.

"அங்கே நின்றாயா?"

"நின்றேன். சாயங்காலம்தான் நின்றேன்."

"என்ன பார்த்தாய்?"

"இரும்புக் கையை."

ஆரஞ்சை எடுத்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. இன்னும் என்ன பார்க்கச் சொல்கிறார் இந்த மனுஷன்? மறுபடி போய் நின்றேன். இரும்புக் கையை முறைத்துக்கொண்டே நின்றதில் அது சிக்னல் கம்பத்தோடு சேரும் இடம் கண்ணில் பட்டது. வெறும் போல்ட்டுகள். அந்த இடத்தில் ஒரு சுழலும் தாங்கி வைத்தால், ஊர்வலத்தன்று கையைத் தெருவோரமாகத் திருப்பி வைத்துவிட்டு, முடிந்ததும் பழையபடி திருப்பிப் பூட்டிவிடலாம். அணிவகுப்பு நடக்கிற வேறு ஊர்களில் அப்படி வைத்திருக்கிறார்கள் என்று பயிற்சியில் கேட்டிருக்கிறேன். கண்டுபிடித்தவுடன் என்மேலேயே எனக்கு ஆத்திரம். இது என் கண்ணில்தான் பட வேண்டுமா? ஆனால் பட்டுவிட்டதே. தெரிந்த வேலையைத் தெரியாத மாதிரி எழுத எனக்குக் கை வராது. பல்லைக் கடித்துக்கொண்டு படம் போட்டேன், சிக்னல் பிரிவோடு மல்லுக்கட்டினேன், திருவிழாவுக்கு முந்தின வாரம் தாங்கி பொருத்தப்பட்டது.

ஊர்வலத்தன்று இரும்புக் கை ஓரமாகத் திரும்பி நின்றது. ஹெலனின் கம்பம் ஜம்மென்று உள்ளே வந்தது. டெனிஸ் ஆரஞ்சில் பாதியைப் பிட்டு என் கையில் கொடுத்தார். அவரிடமிருந்து அது பெரிய விஷயம். அதை வாயில் போடப்போன சமயத்தில்தான் இடதுபக்க முன்சக்கரத்தடியில் மூங்கில் அடுக்கிக்கொண்டிருந்தவளைப் பார்த்தேன்.

நீலச் சட்டை. தலையில் முறுக்கிக் கட்டிய துண்டு. என் மகள் கயல்விழி.

கோயிலுக்கு வா என்றால் "வர்க் இருக்கு மா" என்று சொல்கிற கயல்விழி. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற கயல்விழி. ஹெலன் மேலிருந்து "கே!" என்று கூப்பிட்டாள், இவள் நிமிர்ந்து தலையாட்டினாள். கயல்விழி என்று பார்த்துப் பார்த்துப் பெயர் வைத்தது நான். ஒற்றை எழுத்தில் கூப்பிட்டு வேலை வாங்குவது அவள். என் கையில் ஆரஞ்சு நசுங்கிவிட்டது.

அன்றைக்குக் காரில் திரும்பி வரும்போது பிடித்துக்கொண்டேன். "எத்தன நாளா நடக்குது இது?"

"அம்மா, ரிலாக்ஸ். ஃப்ரெண்டு ஒருத்தி கூட்டிட்டுப் போனா" என்றவள், மீதியை ஆங்கிலத்தில்தான் சொன்னாள். போன முதல் நாளே ஹெலன் அவள் கையில் மூங்கிலைக் கொடுத்து, இது உன் சக்கரம் என்று சொன்னாளாம். "கோயிலில் சின்ன வயதிலிருந்து எனக்குக் கொடுத்தது பூத்தட்டு மட்டும்தான். தட்டை வைத்துக்கொண்டு ஓரமாக நின்றால் போட்டோ எடுப்பார்கள். உனக்கு என்ன கொடுத்தார்கள், சொல்லு?"

எனக்கும் பூத்தட்டுதான். ஊர்த் தெருவையெல்லாம் மூடித் திறக்கிற இன்ஜினியர் நான், எங்கள் தேருக்கு முட்டுக்கட்டை போடுவது சுந்தரத்தின் சினேகிதர்கள். சக்கரத்துக்கு முன்னால் ஆப்பு மாதிரி அந்தக் கட்டையைக் கொடுத்துத்தான் நம் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும். அதைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும் என்று எனக்கும் ஆசை இருந்ததுண்டு. மகளிடம் அதைச் சொல்லவில்லை. வீடு வரும்வரை ரேடியோ கேட்டுக்கொண்டு வந்தோம்.

அந்த வருடத்தையும் சேர்த்து மூன்று கோடை அவள் அந்தச் சக்கரத்தில் நின்றாள். மூன்று கோடையும் நான் மூலையில் நின்று, என் மகளை இன்னொருத்தி ஏவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தர்பூசணி இனிப்பாகத்தான் இருந்தது. அதுவும் எரிச்சல்.

டெனிஸ் ஓய்வு பெற்றார், பிறகு நானும் பெற்றேன். இப்போது ஆபீஸ் விதி என்னைத் தடுக்காது. சுந்தரத்தைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தெருப் படத்திலிருந்து தடுப்பு வரைக்கும் நானே வரைந்து கொடுத்தேன். என் இடத்துக்கு வந்த பையன் அலசிப் பார்த்து அனுமதி கொடுத்தான். டெனிஸ் போட்ட அதே நிபந்தனையோடு. சக்கரத்துக்கு ஒருவர், முன்பே பழகியவர். எங்கள் ஆட்களில் ஒருவருக்கு அந்த மாதம்தான் முழங்கால் ஆபரேஷன். "என் தம்பி பையன நிறுத்திக்கலாங்க்கா" என்றார் சுந்தரம்.

"அவன் இதுக்கு முன்னாடி மரச்சக்கரத்தத் தொட்டிருக்கானா?"

"இல்லீங்க. ஆனா ஜிம்முக்குப் போறானுங்க."

"கயல் தொட்டிருக்கா. மூணு வருஷம்."

"பொண்ணுங்க கட்ட போடறது நம்ம வழக்கத்துல இல்லீங்களேக்கா."

"தெருவுல தேர் விடறதும்தான் இத்தன வருஷமா நம்ம வழக்கத்துல இல்ல. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

சுந்தரம் மோவாயைத் தடவினார். கயலிடம் கேட்டேன். "எனக்கு நிஜமாகவே ஒரு சக்கரமா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் சம்மதித்தாள்.

எல்லாம் நான் செய்தேன், நேரம் குறிப்பதை மட்டும் கோயிலிடம் விட்டேன். சனிக்கிழமை ராகுகாலம் பத்தரைக்கு முடிகிறது என்று ஈரோட்டிலிருந்து வந்த தினசரிக் காலண்டரைப் பார்த்து, பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை தெருவைக் கேட்டு வாங்கிவிட்டார் சுந்தரம். அன்றைக்குப் பத்தரைக்குத் தெரு மூடியாயிற்று, போலீஸ் வந்தாயிற்று, வடத்தைப் பிடித்தாயிற்று. குருக்கள் கற்பூரத்தை ஏற்றவில்லை.

"என்ன சாமி, டைம் ஆச்சுங்களே!"

"ராகுகாலம் போகட்டும் ஓய். இங்க சம்மர்ல கடிகாரத்த ஒரு மணி முன்னாடி தள்ளி வச்சிருக்கேளோன்னோ? சூரியனுக்கு அது தெரியுமா? பதினொன்றரைக்குத்தான் முடியறது."

அடக் கடவுளே! இத்தனை வருடம் காத்திருந்து வாங்கிய தெருவில் ஒரு மணி நேரம் வெயிலில் சும்மா நின்றோம். பதினொன்றரைக்குக் கற்பூரம் காட்டினார்கள். நாதஸ்வரம் எழும்பியது. கையில் அரை மணி. தேர் தெருவில் இறங்கியது என்று நான் ஆனந்தப்படக்கூட நேரம் இல்லை. ஆளாளுக்கு "இழுங்க, இழுங்க" என்று கத்துகிறார்கள், ஓட்டமாக இழுக்கிறார்கள். போலீஸ்காரர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். அந்த வேகத்தில் தேர் ஹெலனின் மூலைக்கு வந்தது. சிக்னல் கை எங்களுக்காக ஓரமாகத் திரும்பி நின்றது. எங்கள் கலசம் அந்த இடத்தைத் தாண்டியபோது எனக்குக் கண் கலங்கியது. தேரோ திரும்பவில்லை. நடைபாதையில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்து நேரே போய்க்கொண்டிருந்தது.

"நிறுத்துங்க!"

யாருடைய குரல் என்று ஒரு கணம் புரியவில்லை.

"வடத்த விடுங்க! சுந்தரம் அங்கிள், விடுங்கன்னா விடுங்க! யாரும் இழுக்காதீங்க!"

கயல். இடதுபக்க முன்சக்கரத்துக்குப் பக்கவாட்டில், நீளப் பிடி போட்ட முட்டுக்கட்டையைச் சக்கரத்தடியில் கொடுத்துவிட்டு, நாதஸ்வரத்தையும் மீறிக் கத்திக்கொண்டிருந்தாள். சுத்தமான தமிழ், கரூர்ச் சந்தையில் நின்று கத்துகிற தொண்டை. முப்பது பேரும் அரண்டுபோய் வடத்தை விட்டார்கள். கட்டையில் ஏறி, முனகி, தேர் நின்றது. ஒரு சாண் தள்ளி நடைபாதை.

"இப்ப வடத்த வலப்பக்கம் கொண்டு போங்க. நான் சொல்றப்ப ஒரே ஒரு இழுப்பு. அப்புறம் விட்டுடணும். ரெடியா? இழு!"

தேர் முகத்தைக் கொஞ்சம் திருப்பியது. "விடு!" கட்டையை எடுத்து வேறு கோணத்தில் வைத்தாள். "இழு!" நாலாவது இழுப்பில் எங்கள் தேர் அடுத்த தெருவைப் பார்த்து நின்றது. மிச்சம் நேர்த்தெரு, பன்னிரண்டுக்குள் நிலைக்குப் போய்விடும். சுந்தரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "அம்மணி, இனி எப்ப இழுக்கோணும்னு சொல்லு கண்ணு" என்று அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பக்கத்தில் ஹெலன் நிற்பதைப் பார்த்தேன். கையில் தர்பூசணி டப்பா. இந்த முறை நான் பானகத்தோடு நின்றேன். ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள், குடிக்கவில்லை. கயலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொல்லிக் கத்தினாள்?" என்று கேட்டாள்.

"நிறுத்தச் சொன்னாள்."

"எங்களிடம் அவள் குரலே எழும்பாது. தலையை மட்டும் ஆட்டுவாள். மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட இப்படி…" என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டாள். உதட்டில் சிரிப்பு இருந்தது, கண்ணில் இல்லை. அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். இத்தனை வருடம் அதே மூலையில் நின்று, அவள் தர்பூசணியைச் சாப்பிட்டுக்கொண்டே, நான் மாட்டிக்கொண்டிருந்த முகம்.

"அடுத்த ஜூலையில் என் சக்கரத்துக்கு வந்துவிடுவாள் அல்லவா?" என்றாள் ஹெலன்.

வருவாள். நீலச் சட்டையைத் துவைத்து மடித்து அலமாரியில் தயாராக வைத்திருக்கிறாள், என் கண்ணால் பார்த்தேன்.

"கேட்டுச் சொல்கிறேன்" என்றேன். ஒரு ராத்திரி அவளும் தூங்காமல் புரளட்டுமே. பானகம் மட்டும் இன்னொரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தேன்.